இல்டா சாய்சு

இரங்கல் கூட்டத்துக்கு அடித்திருந்த பிளக்ஸில் இருந்த பெயரைப் பார்க்காமல் இருக்க உலகநம்பி எவ்வளவோ முயன்றார். மேடைக்குப் பின்னால் சுவரை அடைத்துக் கட்டியிருந்தார்கள். எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அது கண்ணில் விழுந்தது. மின்விசிறியைப் பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே மைதானத்தில் நெட் இல்லாமல் நின்ற கம்பங்களைப் பார்த்தார், முன்வரிசையில் இருந்த கன்னியாஸ்திரீயின் முக்காட்டில் குத்தியிருந்த ஊசியைப் பார்த்தார், கடைசியில் கண் தானாக அங்கேதான் போய் நின்றது. கழுத்தில் விசிலோடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரிக்கிற டீச்சரின் பழைய படம். அதற்குக் கீழே சிவப்பில், முழ உயரத்துக்கு: இல்டா சாய்சு. வீட்டுக் கணினியில் அந்தப் பெயர் இவ்வளவு பெரிதாக இருந்ததில்லை. அங்கே அது பக்கத்தின் தலையில் அடக்கமாக, பார்க்கும்போதெல்லாம் ஒரு திருப்தியைத் தருவதாக இருந்தது. இங்கே பல் போன வாய் மாதிரி இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கிப் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தபோதே கேட்டில் இதன் சின்னப் பிரதி ஒன்றைக் கட்டியிருந்தார்கள். மனைவி கோமதி அதன் முன்னால் நின்றுவிட்டாள். "ஏங்க, டீச்சர் பேரை என்ன இப்பிடிப் போட்டிருக்காங்க? இல்டாவாம், சாய்சாம். படிக்கவே விளங்கல." அவர் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டு, "பிரஸ்காரன் தப்பா அடிச்சிருப்பான்" என்றார். சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொன்னதல்ல. வாய் தானாகச் சொல்லிவிட்டது, விழப்போகிற குழந்தையைப் பிடிக்கக் கை தானாக நீளுமே, அதுபோல. ஆனால் இது யாரையும் பிடிப்பதற்காக நீண்ட கை இல்லை. "செத்தவங்க பேரைக்கூட ஒழுங்கா அடிக்கத் தெரியாத படுபாவி" என்று முனகிக்கொண்டே கோமதி உள்ளே போனாள். திட்டு பிரஸ்காரனுக்குத்தான். அது அவருக்குத் தெரியும். இருந்தாலும் அவள் குரலில் வந்ததால், விலாசம் தப்பாமல் வந்து சேர்ந்துவிட்டது.

கெட்ட எண்ணத்தில் செய்ததா என்ன? அந்தக் கட்டுரையை எழுதியதே அவர்தானே. தொலைபேசி இலாகாவில் விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு, பகலெல்லாம் சும்மா இருக்க முடியாமல், யார் வேண்டுமானாலும் எழுதலாம் யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற அந்த இணையக் கலைக்களஞ்சியத்தில் சேர்ந்தார். சம்பளம் கிடையாது. ஆனால் காலையில் எழுந்ததும் தேடிப் போக ஒரு வேலை இருந்தது, தெரியாத ஊர்களிலிருந்து 'ஐயா' போட்டுக் கேள்வி கேட்டார்கள், நாளடைவில் பக்கங்களைப் பூட்டவும் திறக்கவும் அதிகாரம் உள்ள நிர்வாகி ஆனார். ஆபீஸில் யாரும் அவரிடம் எதற்கும் அனுமதி கேட்டதில்லை. ஹில்டா டீச்சரைப் பற்றி எழுதத் தோன்றியது கோமதியால். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வாலிபால் கற்றுக்கொடுத்தவர் டீச்சர். கல்யாணமான புதிதில் அவள் வாயைத் திறந்தால் டீச்சர்தான். ஒருநாள் பாளையங்கோட்டை மைதானத்துக்கு அவரை இழுத்துக்கொண்டு போய்த் தூரத்தில் நின்று காட்டினாள். கோட்டுக்கு வெளியே ஒரு குள்ளமான பெண், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். அந்தக் கத்தலில் இருந்த சந்தோஷம் அவருக்கு மறக்கவே இல்லை. அதற்காகத்தான் எழுதினார். நூலகத்தில் பழைய நாளிதழ்க் கட்டுகளைத் தும்மிக்கொண்டே புரட்டி, தேதி தேதியாகச் சரிபார்த்து, ஆசை ஆசையாக எழுதினார். எழுதி முடித்துத் தலைப்பு வைக்கும்போதுதான் வழக்கம்போலக் கை தன் வேலையைச் செய்தது. ஜ, ஷ, ஸ, ஹ நம் எழுத்துகள் இல்லை, அவை இல்லாமலே தமிழ் நிற்கும் என்பது அவருடைய கொள்கை. ஹங்கேரியை அங்கேரி ஆக்கியவர், ஜார்ஜுகளை எல்லாம் சார்ச்சுகள் ஆக்கியவர். ஹி போனால் இ. ஜா போனால் சா. ஸ் போனால் சு. பட்டாணி உரிப்பதைவிடச் சுலபம். பந்தை அடிக்க வாகாகத் தூக்கிக் கொடுக்கிற செட்டருக்கு அமைப்பாளர் என்று போட்டார். ஸ்மாஷுக்கு விழுத்தடி என்ற சொல்லை அவரே உண்டாக்கி, அன்றைக்கு முழுக்க அதை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். விழுத்தடி. நன்றாகத்தானே இருக்கிறது. இப்போது இந்த ஹாலில், தோள்பட்டை அகன்ற, முட்டி தேய்ந்துபோன இத்தனை பெண்களுக்கு நடுவில் அதைச் சொல்லிப் பார்த்தால், யாரோ யாரையோ உருட்டுக்கட்டையால் அடித்ததுபோல இருந்தது.

மேடையில் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தபோது அவர் முன்னால் இருந்தவரின் முதுகுக்குப் பின்னால் தலையைத் தாழ்த்திக்கொண்டார். கிளிட்டஸ் மச்சாது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஏற்றுமதி ஆபீஸில் வேலை பார்க்கிறவன், இந்த ஊர் வாலிபால் சங்கத்துக்காரன், அதே கலைக்களஞ்சியத்தில் அவரைப்போலவே எழுதுகிறவன். இந்தக் கூட்டத்தில் உலகநம்பி என்றால் யார், என்ன செய்தவர் என்று தெரிந்த ஒரே ஆள். மதுரையில் நடந்த எழுதுகிறவர்கள் சந்திப்பில் ஒரே ஒரு தடவை நேரில் பார்த்தது. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டையில் குத்தியிருந்த அட்டையைக் காட்டி, "என்னைய கிளிட்டசு ஆக்கிட்டிய, பரவால்ல அண்ணாச்சி. சோத்தை மட்டும் மாத்திராதிய" என்று சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். அவருக்குத்தான் அப்பளம் தொண்டையில் நின்றது. ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால், எழுதுகிறவர்கள் தங்களுக்குள் விவாதித்துக்கொள்ள ஒரு பேச்சுப் பக்கம் உண்டு. அதில் அவனும் அவரும் டீச்சர் பெயருக்காக வாரக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். ஊர் பேரை மாத்துங்க, மருந்து பேரை மாத்துங்க, உயிரோட இருக்கிற ஒரு மனுஷி பேரை அவங்க எழுதுற மாதிரிதான் எழுதணும் என்றான் அவன். அவர் இலக்கணத்தை எடுத்துப் போட்டார், நடைக் கையேட்டைப் போட்டார், இன்றைக்கு ஒருவருக்கு விலக்குக் கொடுத்தால் நாளைக்கு எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்று போட்டார். அவர் ஜெயித்தார். யாரும் ஒப்புக்கொண்டு ஜெயிக்கவில்லை, மற்றவர்களுக்கு அலுத்துப்போய் ஜெயித்தார். அப்புறம் ஒரு மத்தியானம் அந்தக் குறிப்பு வந்தது. பெயர் இல்லை, கணக்கு இல்லை, பாதி எழுத்துக்குப் புள்ளி இல்லை, புள்ளியைப் போட்டுக்கொண்டு வாசித்தால் இதுதான். 'அய்யா என் பெயர் ஹில்டா ஜாய்ஸ். இல்டா சாய்சு என்று என்னை யாரும் கூப்பிட்டது இல்லை. தயவு செய்து மாற்றவும்.' படித்ததும் சிரிப்புத்தான் வந்தது. கிளிட்டஸ், உன் வேலையா இது? உடனே பதில் எழுதினார். 'ஒளிந்து நின்று எழுதுவது அழகன்று. தாங்கள்தான் அவர் என்பதற்கு நம்பகமான சான்று இருப்பின் அளிக்கவும்.' கீழே தன் பெயரைப் போட்டார். பக்கத்தைப் பூட்டினார். எழுந்துபோய்க் காப்பி போட்டுக் குடித்தார். அந்தக் காப்பி நன்றாக இருந்தது, அதுதான் இப்போது நினைவுக்கு வந்து வந்து போகிறது, மற்றதெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம்போல, அந்தக் காப்பி ஏன் அவ்வளவு நன்றாக இருந்தது. கிளிட்டஸ் பிறகு ஒரே வரி எழுதினான்: 'அது நானில்லை அண்ணாச்சி.' அவர் பதில் சொல்லவில்லை. நம்பவும் இல்லை. டீச்சர் இறந்துபோனார் என்று கோமதிக்குப் போன் வந்த நிமிஷத்திலிருந்து அந்த ஒரு வரியைத்தான் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறார். நீயாகவே இருந்துவிடு. பொய் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை, நீயாகவே இருந்துவிடு கிளிட்டஸ்.

ஒவ்வொருவராக மேடைக்கு வந்து பேசினார்கள். ஹில்டா டீச்சர் ரயிலைத் தவறவிட்ட கதை. ஹில்டா டீச்சர் தன் கம்மலை அடகு வைத்துப் பிள்ளைகளுக்கு ஷூ வாங்கிய கதை. ஹில்டா டீச்சர் நடுவரிடம் சண்டைக்குப் போய், பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தர மாட்டேன் என்று நின்ற கதை. பெண்கள் வரிசையில் கோமதி தன் பழைய தோழிகளோடு சேர்ந்து அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள். உலகநம்பி கதையைக் கேட்கவில்லை. ஹி என்று அவர்கள் தொடங்கும்போது வருகிற அந்த மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். மைக்கில் அது ஒரு சின்னக் காற்றாக வந்து விழுந்தது. மீன் விற்கிற பெண் ஒருத்தி வந்தாள், ஒரு காலத்தில் மாவட்ட அணியில் ஆடியவளாம், அவள் வாயிலும் அந்தக் காற்று வந்தது. இந்தக் காற்றை அவர் ஏதோ அந்நிய நாட்டுச் சரக்கு என்று நினைத்திருந்தார். இங்கே எல்லோரிடமும் அது இருந்தது, யாருக்கும் அது பாரமாக இல்லை. அவர் வாயை மூடியபடியே ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பக்கத்து நாற்காலிக்காரர், பெருமூச்சு விடுகிறார் என்று நினைத்து, "நல்ல ஆத்மா" என்றார். உலகநம்பி தலையை ஆட்டினார். இப்போதே எழுந்து போய்விட்டால் என்ன? வயிறு சரியில்லை, வெயில், ஏதாவது. கோமதியிடம் பஸ் ஸ்டாண்டில் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டால். அவள் பக்கம் திரும்பினார். திரும்பியபோது அவள் அவரையே கைநீட்டிக் காட்டி, டீச்சரின் மகள் பெனிட்டாவிடம் என்னமோ சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் கையில் பெருமை இருந்தது.

பெனிட்டா நேராக அவரிடம் வந்து குனிந்தாள். ஐம்பது வயது இருக்கும், அம்மாவின் அதே சுருக்கிய கண். "அண்ணாச்சி, வாழ்க்கைக் குறிப்பு வாசிக்க வேண்டியவருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. உங்க தமிழ் அவ்வளவு சுத்தமா இருக்கும்னு அக்கா சொல்றாங்க. நீங்க வாசிச்சிருங்க." இரண்டு தாள்களைக் கையில் வைத்தாள். அவர் பார்க்காமலே தெரிந்துகொண்டார், முதல் பத்தி எங்கே முடியும், மூன்றாவது பத்தியில் எந்த இடத்தில் அரைப்புள்ளி வரும் என்பது வரைக்கும். அவருடைய கட்டுரை. "நெட்ல இருந்து எடுத்தது. எழுதினவங்க யாரோ, தேதியெல்லாம் எங்களுக்கே தெரியாததெல்லாம் சரியாப் போட்டிருக்காங்க. பேர்தான் இப்பிடி. சங்கத்துப் பயலுவ அதப் பாத்துத்தான் பிளக்ஸும் அடிச்சிட்டானுவ. காலைல பாத்துட்டு கிளிட்டஸ் கத்துனான், வேற அடிக்க நேரமில்ல." அத்தோடு அவள் போயிருக்கலாம். போகவில்லை. துக்க வீட்டுக்காரர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், யார் கிடைத்தாலும். "மம்மிக்கு இது பெரிய குறை அண்ணாச்சி. என் போனை வாங்கி வச்சுக்கிட்டு, ஒத்த வெரலால தட்டித் தட்டி, என் பேரு இது இல்லன்னு அவங்களே எழுதிப் போட்டாங்க. உலகநம்பின்னு ஒருத்தர், நீங்கதான் அவங்கங்கிறதுக்குச் சான்று குடுங்கன்னு பதில் போட்டாரு. மம்மி பெட்டியைக் கவுத்து ஞானஸ்நான சர்டிபிகேட்டத் தேடி எடுத்தாங்க. போட்டோ புடிச்சு வச்சாங்க. எங்க அனுப்பணும்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியல. அதுக்கப்பறம் வீட்டுக்கு யார் வந்தாலும் கேப்பாங்க, ஏ, நான் ஹில்டாதானான்னு கொஞ்சம் சொல்லுங்கன்னு. சிரிச்சுக்கிட்டேதான் கேப்பாங்க." அவள் மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். உலகநம்பி "அப்படியா" என்றார். சிரித்துக்கொண்டேதான். ஒரு விரலால். பாதிப் புள்ளி விட்டுப்போனதைப் பார்த்து அவர் சிரித்தாரே, கண் தெரியாமல் விட்ட புள்ளிகளா அவை, விரல் நடுங்கி விட்டவையா. சர்டிபிகேட்டை அவருக்கே அனுப்பியிருந்தாலும் என்ன செய்திருப்பார்? அதுதான் இன்னும் மோசம், என்ன செய்திருப்பார் என்று அவருக்குத் தெரிந்தது. சம்பந்தப்பட்டவரே தரும் முதன்மைச் சான்று ஏற்கத்தக்கதன்று என்று எழுதியிருப்பார். அழகான வாக்கியமாக எழுதியிருப்பார்.

மேடைக்கு மூன்றே படிகள்தான், ஏறும்போது கைப்பிடியைத் தேட வேண்டியிருந்தது. கிளிட்டஸ் மைக்கைக் கொடுத்தான். பார்த்துவிட்டான். கண்ணில் ஆச்சரியம் வந்து, பிறகு அதுவும் போய், ஒன்றும் இல்லாமல் இருந்தது. திட்டுகிற மாதிரி ஒரு பார்வை பார்த்திருந்தால் தாங்கியிருக்கலாம். தாளில் முதல் சொல்லே அதுதான், தடித்த எழுத்தில். இல்டா சாய்சு. எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி வாசிப்பதுதானே நேர்மை, இத்தனை வருஷமாக நம்பியதற்கு இப்போது நிற்காவிட்டால் எப்போது நிற்பது என்று ஒரு மூலையில் ஒரு குரல் கேட்டது, அவருடைய குரல்தான், பேச்சுப் பக்கத்துக் குரல். எதிரே கோமதி கையைக் கட்டிக்கொண்டு, பரிசு வாங்கப் போகிற பிள்ளையைப் பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தாள். "ஹில்டா ஜாய்ஸ்" என்றார். காற்று அதிகமாகிவிட்டது, ஸ்பீக்கர் கரகரத்தது. அடுத்த வரியில் 'தலைசிறந்த அமைப்பாளர்' என்று இருந்தது. பார்த்தார். இவர்களிடம் போய் அமைப்பாளர் என்றால் பந்தல் போட்டவர் என்றல்லவா நினைப்பார்கள். "அருமையான செட்டர்" என்று வாசித்தார். மீன்காரப் பெண் பலமாகத் தலையாட்டினாள். விழுத்தடி வந்தது. "ஸ்மாஷ்" என்றார். பின்னால் யாரோ ஒரு பெண், "ஆமா, அடிச்சாங்கன்னா தரை அதிரும்" என்றாள். அவர் கண் ஒன்றைப் பார்க்க, வாய் இன்னொன்றைச் சொல்லிக்கொண்டே போயிற்று. வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேடிப் பொறுக்கிக் கோத்த சொற்களை, எல்லோர் முன்னாலும் நின்று அவரே ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். போடப் போட முகங்கள் மலர்ந்தன. ஒரு கட்டத்தில் தாளை மறந்தே போனார். பாளையங்கோட்டை மைதானத்தில் தான் கேட்ட அந்தக் கத்தலைப் பற்றிச் சொன்னார், அது கட்டுரையில் இல்லை, சான்று இல்லாததால் போடாமல் விட்டது. கோமதி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். முடித்து மைக்கைத் திருப்பிக் கொடுத்தபோது கிளிட்டஸ் மெதுவாக, "நல்லா வாசிச்சிய அண்ணாச்சி" என்றான். கேலி இருக்கிறதா என்று தேடினார். இல்லை.

படியிறங்கியதுமே பெனிட்டா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஈரமாக இருந்தது. "தப்பா இருந்ததெல்லாம் பாத்துப் பாத்துத் திருத்தி வாசிச்சிய. எங்களுக்கு விளங்கணும்னு வாசிச்சிய. மம்மி கேட்டிருக்கணும்." அவர் கைகளை உருவிக்கொள்ளப் பார்த்தார், மரியாதை இல்லாமல் போகுமே என்று விட்டுவிட்டார். இப்போது சொல்லிவிடலாம். நான்தான் அந்த ஆள் என்று சின்ன வாக்கியம், எழுவாய், பயனிலை, அவ்வளவுதான். வாயைத் திறந்தார். அதற்குள் அவள் ஒரு துண்டுச் சீட்டையும் பேனாவையும் எடுத்துவிட்டாள். "கிளிட்டஸ் நன்றி சொல்லும்போது உங்க பேரையும் சொல்லணும். அக்காகிட்டக் கேட்டா எங்க வீட்டுல, எங்க வீட்டுலங்காங்க, புருஷன் பேரு வாயில வரமாட்டேங்குது. உங்க பேரு என்ன அண்ணாச்சி?" பேனா முனை தாளில் தொட்டுக் காத்திருந்தது. உலகநம்பி என்றால் அந்தக் கை அப்படியே நின்றுவிடும். அந்தக் கண் மேலே வரும். கல்லூரியில் படிக்கும்போது, அப்பா வைத்த பெயரைத் தூக்கிப் போட்டுவிட்டு, அரசிதழில் விளம்பரம் கொடுத்து அவராகத் தேடி எடுத்துக்கொண்ட பெயர் அது. அதற்காக அப்பா ஒரு வருஷம் பேசவில்லை. அம்மாவுக்கு நாக்குப் புரளாமல், கடைசிவரை எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடாமல், "ஏய்யா" என்றே கூப்பிட்டுப் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு பழைய பெயரை அவர் ஒரு தாளிலும் எழுதியதில்லை, யாராவது தெரியாமல் சொன்னால் திருத்தாமல் விட்டதில்லை. "ஜெகதீசன்" என்றார். தன் குரல் தனக்கே கேட்டது. "அழகான பேரு" என்று சொல்லிக்கொண்டே பெனிட்டா எழுதினாள், ஜெ-யின் கொம்பைச் சுழித்துப் போட்டு எழுதினாள், எழுதி எடுத்துக்கொண்டு மேடைப் பக்கம் போனாள்.

போய்ப் பிடித்துவிடலாம். நாலு எட்டு வைத்தால் பிடித்துவிடலாம். அவர் தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். காகிதக் கப்பில் காப்பி கொடுத்துக்கொண்டு வந்தார்கள், வேண்டாம் என்றார். மேடையில் கிளிட்டஸ் ஒவ்வொருவராக நன்றி சொல்லிக்கொண்டு வந்தான், பங்குத்தந்தைக்கு, தலைமை ஆசிரியைக்கு, ஒலிபெருக்கிக்காரருக்கு. துண்டுச் சீட்டை எடுத்து, "நம்ம டீச்சரோட வாழ்க்கைக் குறிப்பை அருமையா வாசிச்ச" என்று தொடங்கி, பெயரைப் பார்த்து நிறுத்தினான். அவன் தலையைத் தூக்கி உலகநம்பியைப் பார்த்தான். அவன் சரியான பெயரைச் சொல்லிவிடலாம், அவனுக்கு அதற்கு எல்லா உரிமையும் இருந்தது, சொல்லிவிடு என்று உலகநம்பி மனதுக்குள் கெஞ்சினார், சொல்லிவிடாதே என்றும் அதே மூச்சில் கெஞ்சினார், இரண்டில் எது உண்மையான கெஞ்சல் என்று அவருக்குத் தெரிந்துதான் இருந்தது, அதனால்தான் காது மடல்வரை எரிந்தது. கிளிட்டஸ் மறுபடி சீட்டைப் பார்த்தான். பிறகு மைக்கை வாய்க்கு நெருக்கமாகப் பிடித்துக்கொண்டு, நிதானமாக, ஒரு எழுத்தும் கெடாமல், "திரு. ஜெகதீசன் அவர்களுக்கு" என்றான். பெண்கள் வரிசையில் கோமதி, ஒரு கணம் ஒன்றும் பிடிபடாமல், அது யார் என்று அவரைத் தாண்டிப் பின்னால் தேடினாள். அவள் பார்வை கடைசி வரிசை வரைக்கும் போய், யாரையும் காணாமல், மெதுவாக அவரிடமே திரும்பி வந்தது.